நடைச்சீட்டும் தார்ப்பாயும்: சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று அறிவது எப்படி?

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக்கு மலையேறும் சாலையில், தமிழ்நாட்டின் சோதனைச்சாவடி புளியரையில் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் அங்கே எம்-சாண்டும் ஜல்லியும் வைக்கோலும் காய்கறியும் ஏற்றிய லாரிகள் கேரளத்தை நோக்கி வரிசைகட்டி நிற்கும். கனிமம் ஏற்றிய லாரியாக இருந்தால் ஓட்டுநரிடம் நடைச்சீட்டு இருக்க வேண்டும். எந்தக் குவாரியில் ஏற்றியது, எவ்வளவு எடை, எந்த ஊருக்குப் போகிறது, சீட்டு எத்தனை மணி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். "எல்லாம் சரியா இருக்கு ஏட்டையா" என்று ஓட்டுநர் சீட்டை நீட்ட, "சீட்டு சரிதாம்டே, தார்ப்பாய அவுத்துக் காட்டு" என்று தலைமைக் காவலர் சொன்னதை ஒருமுறை தேநீர்க் கடையில் நின்றபடி கேட்டேன். நாடுகள் தமக்குள் செய்துகொண்ட சுற்றுச்சூழல், காலநிலை ஒப்பந்தங்களை உண்மையில் நடைமுறைப்படுத்துகின்றனவா என்று கண்காணிக்கும் வேலையின் அடிப்படைச் சிக்கல் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது. சீட்டில் எழுதியிருப்பதையும் தார்ப்பாய்க்குக் கீழே கிடப்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது யார், எப்படி, எத்தனை முறைக்கு ஒருமுறை என்பதைத்தான் இந்தக் கட்டுரை எளிமையாகச் சொல்ல முயல்கிறது.

ஓர் ஒப்பந்தம் பிறந்த நாளிலிருந்து அதன் பயன் ஆற்றிலோ காற்றிலோ தெரியும் நாள் வரை உள்ள வழி நீளமானது. முதலில் நாடு கையெழுத்திடும். பிறகு தன் நாடாளுமன்றமோ அமைச்சரவையோ ஒப்புக்கொண்ட பின் ஏற்புறுதி அளிக்கும். அதன் பிறகே ஒப்பந்தம் அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். ஆனால் பன்னாட்டு ஒப்பந்தம் எந்தத் தொழிற்சாலை வாசலிலும் தானாகப் போய் நிற்காது. அதை உள்நாட்டுச் சட்டமாகவும் விதியாகவும் மாற்ற வேண்டும். அந்த விதியைச் செயல்படுத்த அலுவலகமும் ஆளும் பணமும் ஆய்வுக்கூடமும் வேண்டும். இவ்வளவும் இருந்து, கடைசியில் மாசு குறைந்ததா என்பது தனிக் கேள்வி. இந்தப் படிகளில் எந்தப் படியை ஓர் அறிக்கை அளக்கிறது என்று கேட்கப் பழகிக்கொண்டால், துறையின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "இந்த ஒப்பந்தத்தில் இத்தனை நாடுகள் சேர்ந்திருக்கின்றன" என்பது முதல் படியின் கணக்கு மட்டுமே.

ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவதும், அதற்குக் கட்டுப்பட்டிருப்பதும், அதனால் பயன் விளைவதும் ஒன்றுபோலத் தோன்றினாலும் மூன்றும் வேறு வேறு. புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வைக் குறைக்க 1997இல் உருவாகி 2005இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ நெறிமுறை இதற்கு நல்ல பாடம். 1990ஆம் ஆண்டின் உமிழ்வை அடிப்படையாக வைத்து அது இலக்குகளை விதித்தது. சோவியத் ஒன்றியம் சிதைந்து தொழிற்சாலைகள் மூடப்பட்டதால் ரஷ்யாவின் உமிழ்வு ஏற்கெனவே அந்த இலக்குக்கு வெகு கீழே போயிருந்தது; எந்த முயற்சியும் இல்லாமலே அந்த நாடு இலக்குக்குக் கட்டுப்பட்டதாகக் கணக்கில் வந்தது. கனடாவோ 1990ஐவிட 6 விழுக்காடு குறைப்பதாக ஒப்புக்கொண்டு, உமிழ்வு ஏறிக்கொண்டே போன நிலையில், 2011 டிசம்பரில் நெறிமுறையிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. முதலாவது, உழைக்காமல் தேர்ச்சி பெற்றதைப் போன்றது; இரண்டாவது, தேர்வு நெருங்கும்போது பள்ளியை விட்டே போய்விட்டதைப் போன்றது. தேர்ச்சிப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டு கதையும் தெரியாது.

ஒப்பந்தத்தை உள்நாட்டுச் சட்டமாக்கும் படியில் இந்தியாவுக்கு ஒரு வசதி உண்டு. பன்னாட்டு ஒப்பந்தங்களை நிறைவேற்றுவதற்காக நாடு முழுமைக்கும் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அரசமைப்பின் 253ஆம் பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. மாநிலப் பட்டியலில் உள்ள பொருளானாலும் அது தடையாகாது. 1972இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐக்கிய நாடுகள் மாநாட்டின் முடிவுகளை நிறைவேற்றவே 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்படுகிறது என்று அதன் முகப்புரையே சொல்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் அதே மாநாட்டைச் சுட்டுகிறது. 1992ஆம் ஆண்டின் பல்லுயிர் ஒப்பந்தத்துக்காக 2002இல் உயிரியல் பன்மைச் சட்டம் வந்தது. ஆகவே நம் நாட்டில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. உலகமெங்கும் இதே கதைதான்: 1972க்குப் பிறகு சுற்றுச்சூழல் சட்டங்கள் 38 மடங்கு பெருகியிருந்தாலும் அவை சரிவரச் செயல்படுத்தப்படவில்லை என்று ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறியது.

சட்டமாகும் முன்பே வழியில் நின்றுபோவதும் உண்டு. புளியரையில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரும் அதன் மறுபக்கத்துச் செந்துருணிக் காடும் சேர்ந்த மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை யுனெஸ்கோ 2012இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அவற்றில் 20 கேரளத்திலும் 5 தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. அந்தத் தகுதியை ஏற்ற நாடு களத்தைப் பாதுகாக்கும் கடமையையும் ஏற்கிறது. இதற்கிடையில், மலையைச் சூழலியல் நுண்ணுணர்வுப் பகுதியாக, அதாவது குவாரி, பெருங்கட்டுமானம் போன்றவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதியாக, அறிவிப்பது பற்றி மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இலும் கஸ்தூரிரங்கன் தலைமையிலான குழு 2013இலும் அறிக்கை அளித்தன. 2014 மார்ச்சில் முதல் வரைவு அறிவிக்கை வெளியானது. குறித்த காலத்துக்குள் இறுதி செய்யப்படாத வரைவு காலாவதியாகிவிடும் என்பதால் மீண்டும் மீண்டும் வெளியிடப்பட்டு, வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாளான 2024 ஜூலை 31 அன்று ஆறாவது முறையாக வரைவு வந்தது. ஆறு மாநிலங்களில் 56,825.7 சதுர கிலோமீட்டர். அதில் கேரளத்தில் 9,993.7, தமிழ்நாட்டில் 6,914. மலையோரக் குடியேற்ற விவசாயிகளின் பட்டாவும் வீடும் என்னவாகும் என்ற அச்சத்தை வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கண்காணிப்பவரின் குறிப்பேட்டில் இது "சட்டமாக்கும் படியில் நிற்கிறது" என்றுதான் பதிவாகும்.

இனி, சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது, அலுவலகமும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, தகவல் மேலே போகும் வழியைப் பார்ப்போம். மருத்துவக் கழிவு விதிகள், 2016 என்பது நடுவணரசின் விதி. செங்கோட்டைக்கும் புனலூருக்கும் ஒரே விதிதான். காயத்தில் கட்டிய பஞ்சும் காலாவதியான மருந்தும் மஞ்சள் பையில் போக வேண்டும். குழாய், ஊசியில்லாத சிரிஞ்ச் முதலிய பிளாஸ்டிக் சிவப்புப் பையில். ஊசி, பிளேடு போன்ற கூரான பொருள்கள் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளைக் கலத்தில். கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில். சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. பை ஒவ்வொன்றிலும் பார்கோடு ஒட்டியிருக்க வேண்டும். இப்படிச் சேர்ந்த எடைக் கணக்கை ஒவ்வொரு மருத்துவமனையும் ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும், வாரியம் அதைத் தொகுத்து ஜூலை 31க்குள் நடுவண் வாரியத்துக்கும், நடுவண் வாரியம் ஆகஸ்ட் 31க்குள் அமைச்சகத்துக்கும் அனுப்ப வேண்டும். பன்னாட்டு அளவில் இதற்கு இணையாக நிற்பது, அபாயகரமான கழிவு எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசெல் ஒப்பந்தம். 1989இல் உருவாகி 1992இல் நடைமுறைக்கு வந்த அந்த ஒப்பந்தத்தின் கழிவுப் பட்டியலில் முதல் வரியே மருத்துவமனைக் கழிவுதான். அதில் சேர்ந்த நாடுகளும் தத்தம் கணக்கை ஆண்டுதோறும் அந்த ஒப்பந்தத்தின் தலைமைச் செயலகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

இந்தச் சங்கிலியைக் கவனித்தால் ஒரு விஷயம் தட்டுப்படும். சங்கிலியின் முதல் கண்ணி, மருத்துவமனையில் தராசுக்கு அருகே பேனாவோடு நிற்கும் ஒரு பணியாளர். அவர் எழுதியதற்கு மேலே உள்ளவர்கள் எல்லாரும் கூட்டல் போடுகிறார்கள். பையே பதிவாகாமல் பின்வாசல் வழியாக ஒரு லாரியில் ஏறிவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை துல்லியமாகக் கூட்டினாலும் அந்தப் பை கணக்கில் வராது. 2024 டிசம்பரில் திருநெல்வேலியை அடுத்த நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவு கொட்டப்பட்டுக் கிடந்தபோது அதைக் காட்டிக்கொடுத்தது எந்த ஆண்டறிக்கையும் இல்லை. குப்பையோடு கிடந்த நோயாளிகளின் சீட்டுகளும், அவற்றை எடுத்துப் படித்த ஊர்க்காரர்களும்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, மூன்று நாளுக்குள் கேரளமே அதை அள்ளிச் செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்த மாநில அதிகாரிகள் லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள்.

கழிவு எங்கிருந்து சட்டவிரோதமாக வந்ததோ அங்கேயே திரும்பிப் போக வேண்டும் என்பது பாசெல் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவிலும் இருக்கிறது. அங்கே தகவல் தெரிந்ததிலிருந்து 30 நாள் கெடு. நாடுகளுக்கிடையே இது எவ்வளவு இழுக்கும் என்பதற்கு 2013, 2014 ஆண்டுகளில் கனடாவிலிருந்து பிலிப்பைன்ஸ் போன குப்பைக் கொள்கலன்களைச் சொல்லலாம். மறுசுழற்சிக்கான பிளாஸ்டிக் என்று சீட்டில் எழுதியிருந்தது. உள்ளே வீட்டுக் குப்பை. தூதரை மணிலா திரும்ப அழைத்துக்கொள்ளும் அளவுக்குச் சண்டை முற்றிய பிறகு, 2019 மே இறுதியில் 69 கொள்கலன்கள் கனடாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. திருநெல்வேலிக்கு அந்தச் சில நாளில் தீர்வு கிடைத்ததற்குக் காரணம், இரு மாநிலங்களுக்கும் மேலே உத்தரவிடக்கூடிய ஒரு தீர்ப்பாயம் இருந்தது. நாடுகளுக்கு மேலே அப்படி ஒருவர் பெரும்பாலும் இருப்பதில்லை. கண்காணிப்பு என்ற வேலைக்குப் பன்னாட்டுச் சட்டத்தில் இவ்வளவு எடை கூடியதற்கே அதுதான் காரணம் என்பது என் கருத்து: தண்டிக்க ஆளில்லாத இடத்தில், எல்லாருக்கும் தெரியும்படி வைப்பதுதான் மிச்சமிருக்கும் கருவி.

தெரியும்படி வைப்பதில் மூன்று தரம் உண்டு. நாடு தன்னைப் பற்றித் தானே எழுதுவது அடித்தளம். பிற நாட்டு வல்லுநர்கள் அந்த அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்பது அதற்கு மேல். அறிக்கையையே தொடாமல் காற்றையோ நீரையோ காட்டையோ நேராக அளப்பது மூன்றாவது. பெரும்பாலான ஒப்பந்தங்கள் முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் நின்றுவிடுகின்றன.

மூன்றாவது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஓசோன் படலத்தைக் காக்கும் மாண்ட்ரியல் நெறிமுறையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1987இல் உருவான அந்த நெறிமுறையில் உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்திருக்கின்றன. நாடுகள் ஆண்டுதோறும் உற்பத்திக் கணக்கு தர வேண்டும். வளரும் நாடுகளுக்கு மாற்றுத் தொழில்நுட்பத்துக்காக 1991 முதல் ஒரு பலதரப்பு நிதி இருக்கிறது. கணக்கு தராத நாட்டை நடைமுறைக் குழு கூப்பிட்டு விசாரிக்கும். ஓசோனை அரிக்கும் குளோரோபுளோரோகார்பன் (சிஎப்சி) வகை வாயுக்களின் உற்பத்தி 2010க்குள் உலகம் முழுவதும் நிறுத்தப்பட வேண்டும் என்றிருந்தது. அறிக்கைகளின்படி நிறுத்தப்பட்டும் இருந்தது. ஆனால் 2018இல், அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பின் விஞ்ஞானிகள் தங்கள் தொலைதூர நிலையங்களின் அளவீடுகளைப் பார்த்தபோது, அந்த வகையைச் சேர்ந்த சிஎப்சி-11 என்ற வாயு காற்றில் குறைந்துவரும் வேகம் 2012க்குப் பிறகு தளர்ந்திருப்பதைக் கண்டார்கள். யாரோ புதிதாகத் தயாரிக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் பொருந்தவில்லை. யார் என்று அவர்களால் அப்போது சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு, தென்கொரியாவின் ஜேஜு தீவிலுள்ள கோசான் நிலையமும் ஜப்பானின் ஹதெருமா நிலையமும் பதிவுசெய்த அளவுகளைக் காற்று வீசிய திசையோடு சேர்த்துக் கணக்கிட்டு, கூடுதல் உமிழ்வில் பெரும்பகுதி கிழக்குச் சீனாவின் ஷான்டாங், ஹெபெய் மாகாணப் பகுதியிலிருந்து வருகிறது என்று ஓர் ஆய்வுக் குழு காட்டியது. குளிர்காப்பு நுரை தயாரிக்கும் ஆலைகளில் அந்த வாயு பயன்பட்டுக்கொண்டிருந்தது. சீனா சோதனைகளைக் கடுமையாக்கியது. 2019க்குள் உமிழ்வு இறங்கிவிட்டதை 2021இல் வெளியான ஆய்வுகள் உறுதிசெய்தன. சீட்டைக் கேட்காமலே தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்த கதை இது. இன்று மீத்தேன் கசிவுகளைச் செயற்கைக்கோள்கள் இதே போலப் பிடிக்கின்றன.

இரண்டாம் தரத்தில் நின்றுவிடும் ஒப்பந்தங்களில் ஒரு நோய் தொற்றிக்கொள்ளும்: எதை எண்ணுகிறார்களோ அது பெருகும். உயிரியல் பன்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. அந்தக் குழு ஊரிலுள்ள மரம், நெல்வகை, மீன், மூலிகை, அவை பற்றி ஊர்மக்கள் அறிந்தவை ஆகியவற்றை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2016 வாக்கில் நாட்டில் இத்தகைய குழுக்கள் பத்தாயிரத்தை ஒட்டியே இருந்தன. 2020 ஜனவரி 31க்குள் எல்லா இடத்திலும் முடிக்காவிட்டால் மாநிலம் மாதத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதும் குழுக்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. பல்லுயிர் ஒப்பந்தத்துக்கு அனுப்பும் தேசிய அறிக்கையில் இது நல்ல எண். எங்கள் வட்டாரத்தில் ஓர் ஊராட்சியின் பதிவேட்டை, ஊர் பெயர் வேண்டாம், புரட்டிப் பார்க்க வாய்த்தது. மலையடிவாரத்து ஊர், கடல் அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணம். மரங்களின் பட்டியலில் அலையாத்தி இருந்தது. ஏதோ கடலோர மாவட்டத்துப் பதிவேட்டைப் பார்த்து எழுதியவர், குளத்தங்கரையில் நிற்கும் மருதமரத்தை எழுத மறந்துவிட்டார். நல்ல பதிவேடுகளும் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மேலே போகும் எண்ணில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான்.

காலநிலைக்கு வருவோம். 2015 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பாரிஸ் ஒப்பந்தம் ஒரு விசித்திரமான உடன்படிக்கை. எவ்வளவு குறைப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானித்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கும்; அந்த அளவை எட்டத் தவறினால் தண்டனை எதுவும் அதில் இல்லை. அறிவிக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். நாடுகள் கட்டுப்படுகின்றனவா என்று பார்க்க 15ஆம் பிரிவின்கீழ் உள்ள இணக்கக் குழு தண்டிக்காத, எதிர்வழக்காடாத, உதவி செய்யும் குழுவாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தமே வரையறுத்துவிட்டது. இதைப் பல்லில்லாத ஒப்பந்தம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. பல்லோடு வந்த கியோட்டோவிலிருந்து கனடா எழுந்து போன கதையை மேலே பார்த்தோம் என்பதால் எனக்கு அந்தக் கேலியில் அவ்வளவு உடன்பாடு இல்லை. பல்லில்லாத பாரிஸிலிருந்தும் அமெரிக்கா இருமுறை விலக முடிவெடுத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. 13ஆம் பிரிவின்படி ஈராண்டுக்கு ஒருமுறை தரவேண்டிய வெளிப்படைத்தன்மை அறிக்கைகளில் முதலாவதற்கு 2024 டிசம்பர் 31 கெடுவாக இருந்தது. அவற்றை வல்லுநர் குழுக்கள் பரிசீலிக்கும். எல்லா நாடுகளும் சேர்ந்து எங்கே நிற்கின்றன என்று பார்க்கும் உலகளாவிய இருப்புக் கணக்கெடுப்பு முதன்முதலாக 2023இல் துபாயில் முடிந்தது, அடுத்தது 2028இல். அந்தக் கணக்கெடுப்பு எந்த ஒரு நாட்டையும் பெயர்சொல்லி விரல் நீட்டாது. அந்த வேலையை வெளியே உள்ள ஆய்வமைப்புகள் செய்கின்றன.

இந்தியா தன் இலக்குகளை 2022 ஆகஸ்டில் புதுப்பித்தது. 2030க்குள் பொருளாதார உற்பத்தி ஓர் அலகுக்கான உமிழ்வை 2005ஐவிட 45 விழுக்காடு குறைப்பது. நிறுவப்பட்ட மின்திறனில் 50 விழுக்காட்டைப் புதைபடிவம் அல்லாத மூலங்களிலிருந்து பெறுவது. இவற்றோடு, காடும் மரங்களும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை உறிஞ்சும்படி செய்வது என்ற பழைய இலக்கும் தொடர்கிறது. இந்த மூன்றுமே எப்படி அளக்கப்படுகின்றன என்பது செங்கோட்டைக்காரருக்கு வாசலிலேயே தெரியும் விஷயம்.

மின்திறனை எடுத்துக்கொள்வோம். செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழையும் மே முதல் செப்டம்பர் வரை, குற்றாலத்தில் சாரல் அடிக்கும் அதே நாள்களில், சுரண்டை, பாவூர்ச்சத்திரம் பக்கத்துக் காற்றாலைகள் இரவும் பகலும் சுற்றும். கார்த்திகையில் போய்ப் பார்த்தால் பாதி இறக்கைகள் அசையாமல் நிற்கும். நிற்கும் காற்றாலையும் "நிறுவப்பட்ட திறன்" கணக்கில் முழுதாக இருக்கிறது. 2025 ஜூலையில், இலக்காண்டுக்கு ஐந்தாண்டு முன்பே, இந்தியா அந்த 50 விழுக்காட்டை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது. அது உண்மைதான், பெரிய சாதனையும்கூட. ஆனால் வீட்டுக்கு வரும் யூனிட்டுகளில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. திறன் என்பது அண்டாவின் கொள்ளளவு. உற்பத்தி என்பது அதில் அன்றைக்குக் காய்ச்சிய சோறு.

உமிழ்வுச் செறிவு என்ற முதல் இலக்கும் இதே மாதிரி. 2024 டிசம்பர் இறுதியில் இந்தியா அளித்த நான்காவது ஈராண்டுப் புதுப்பிப்பு அறிக்கையின்படி (இது மேலே சொன்ன வெளிப்படைத்தன்மை அறிக்கை அன்று, அதற்கு முந்தைய வகை), 2005க்கும் 2020க்கும் இடையில் செறிவு 36 விழுக்காடு குறைந்திருக்கிறது. வருமானம் மூன்று மடங்காகி, மின்கட்டணம் இரண்டு மடங்கான வீட்டில், வருமானத்தில் மின்கட்டணத்தின் பங்கு குறைந்திருக்கும், கட்டணம் குறைந்திருக்காது. இந்தியாவின் மொத்த உமிழ்வும் அந்த ஆண்டுகளில் கூடியே இருக்கிறது. தலைக்கு உமிழ்வு குறைவாக உள்ள ஒரு வளரும் நாடு இந்த அளவுகோலைத் தேர்ந்தது நியாயமே என்று நான் நினைக்கிறேன். படிப்பவர் அளவுகோல் எது என்று தெரிந்துகொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான். அதே அறிக்கை 2020இல் உமிழ்வு முந்தைய ஆண்டைவிட 7.93 விழுக்காடு குறைந்ததாகவும் சொல்கிறது. 2020 எப்படிப்பட்ட ஆண்டு என்பதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. புளியரையில் அப்போது நடைச்சீட்டுக்குப் பதில் இ-பாஸ் கேட்டார்கள்.

காட்டுக் கணக்கில் சிக்கல் சொல்லின் வரையறையில் இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மர விதானம் பத்து விழுக்காடு இருந்தால், நிலம் யாருடையதானாலும், மரம் எதுவானாலும், அதை வனப்பரப்பு என்றே இந்திய வன அளவை நிறுவனம் கணக்கிடுகிறது. புனலூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டமும் தென்னந்தோப்பும் அதில் வந்துவிடும். கரியமில வாயுவை ரப்பரும் உறிஞ்சும் என்பதால் காலநிலைக் கணக்குக்கு இது முற்றிலும் பொருந்தாதது அன்று. அதே எண்ணை எடுத்துப் பல்லுயிர் ஒப்பந்தத்துக்கான முன்னேற்றமாகக் காட்டினால்தான் இடிக்கும். சோலைக்காட்டில் வாழும் சிங்கவால் குரங்குக்கு ரப்பர் தோட்டத்தில் என்ன வேலை?

தண்டனை உள்ள இடங்களும் சில இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில், பொதுச் சட்டத்தைக் கடைப்பிடிக்காத உறுப்பு நாட்டை ஐரோப்பிய ஆணையம் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். கிரீட் தீவின் குருபிடோஸ் என்ற பள்ளத்தாக்கில் குப்பை கொட்டுவதை நிறுத்தாததற்காக, 2000ஆம் ஆண்டு ஜூலையில், கிரீஸ் நாள் ஒன்றுக்கு 20,000 யூரோ கட்ட வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் உறுப்பு நாட்டுக்கு அத்தகைய அபராதம் விதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. சுற்றுச்சூழல் விஷயங்களில் மக்களின் தகவல் உரிமை பற்றிய 1998ஆம் ஆண்டின் ஆர்ஹஸ் ஒப்பந்தத்தில் பொதுமக்களே இணக்கக் குழுவுக்கு நேரடியாகப் புகார் எழுதலாம். இந்தியா அதில் இல்லை. நெதர்லாந்து அரசு 2020க்குள் உமிழ்வைக் குறைந்தது 25 விழுக்காடு குறைத்தாக வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. வனுவாட்டு என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டின் முன்முயற்சியால் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை கேட்ட கேள்விக்கு, 2025 ஜூலை 23 அன்று பன்னாட்டு நீதிமன்றம் அளித்த கருத்துரை, காலநிலையைக் காப்பதில் நாடுகளுக்குச் சட்டக் கடமை உண்டு என்று ஒருமனதாகக் கூறியது. பாரிஸ் இலக்கை நாடு தன் விருப்பம்போல் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு அது வரம்பு கட்டியிருக்கிறது. இத்தகைய வழக்குகளிலெல்லாம் நாடே எழுதிக் கொடுத்த அறிக்கைகள் அந்த நாட்டுக்கு எதிரான சான்றாக வந்து நிற்பதைக் காணலாம்.

நாடுகளுக்குத் தரவரிசை போடும் பட்டியல்களை நான் அதிகம் நம்புவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தயாரிக்கும் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டில் 2022இல் இந்தியா 180 நாடுகளில் 180ஆவது இடத்தில் வந்தது; அளக்கும் முறையே தவறு என்று அரசு மறுத்தது. நாற்பது வெவ்வேறு விஷயங்களுக்கு எடை கொடுத்துக் கூட்டி ஒற்றை எண்ணாக்கும்போது, எடையைத் தீர்மானிப்பவரின் கையில்தான் தராசு இருக்கிறது. பட்டியலின் கடைசி எண்ணைவிட, அதனுள்ளே காற்றுத் தரத்துக்கு மட்டும் தனியாகக் கொடுத்திருக்கும் எண் பயனுள்ளது.

இந்தத் துறையில் முதன்முதலாக ஏதாவது ஒன்றைப் படிக்க விரும்புகிறவர், நாடு எழுதிய அறிக்கையிலிருந்து தொடங்காமல், அதைப் பரிசீலித்த வல்லுநர் குழுவின் அறிக்கையிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. இரண்டும் பாரிஸ் ஒப்பந்தத்தின் தலைமைச் செயலக இணையதளத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. எந்தத் துறையின் தரவு விடுபட்டிருக்கிறது, எந்த எண்ணை அளக்காமல் மதிப்பிட்டிருக்கிறார்கள், அடுத்த முறை எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையெல்லாம் பரிசீலனைக் குழு அட்டவணையாகப் போட்டிருக்கும். ஏட்டையா தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்து எழுதிய குறிப்பு அதுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு நாட்டின் அறிக்கைக்குப் போனால், எந்தப் பக்கத்தில் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.